பைலாவைத் திருத்தப் போகிறீர்களா? மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு முன்னாள் செயலாளர்

எங்கள் மன்றம் பெரியதல்ல. 118 உறுப்பினர்கள், இரண்டு ஷட்டில் கோர்ட், செய்தித்தாள் போட்ட ஒரு நீள மேசை, மழைக்காலத்தில் ஒழுகும் ஒரு ஷெட். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை ஆறு மணிக்குக் கூடிப் பேசுகிற ஆட்கள்தான் எங்கள் சொத்து. இந்த மன்றத்தின் ஒரே ஒரு விதியை மாற்ற எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. எதிர்ப்பு அதிகம் இருந்ததால் அல்ல, வழி தெரியாததால். புதிதாகச் செயலாளராகவோ செயற்குழு உறுப்பினராகவோ வந்திருப்பவர்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பிரச்சினை கோரம். கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு அது. மன்றம் தொடங்கியபோது எழுதிய பைலாவில், அதாவது மன்றத்தின் துணைவிதிகளில், "மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர்" என்று போட்டுவிட்டார்கள். அப்போது எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இப்போது பாதிப்பேரின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், அப்பா அம்மாவும் வருடத்தில் ஆறு மாதம் அங்கே. 59 பேரைச் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க நினைத்தோம். அங்கேதான் வேடிக்கை: கோரத்தைக் குறைக்கும் கூட்டத்துக்கும் பழைய கோரமே வேண்டும்.

முதல் தடவை என்ன செய்தோம் தெரியுமா? "பொதுக்குழுக் கூட்டம். நிகழ்ச்சி நிரல்: வரவு செலவு, விதிகளில் சில திருத்தங்கள், இதர விஷயங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டோம். வடை, காபி ஏற்பாடு செய்தோம். ஆட்கள் வந்தார்கள். தலைவர் எழுந்து, "கோரத்தை மூணுல ஒண்ணாக்கலாம்னு செயற்குழு நினைக்குது, எல்லாரும் ஆமோதிக்கிறீங்களா?" என்றார். படபடவென்று கைதட்டல். "ஏகமனதாக நிறைவேறியது" என்று நானே மினிட்ஸில் எழுதினேன். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் பதிவுக்குக் கொண்டுபோனோம், தாள்கள் திரும்பி வந்தன. தவறு முழுக்க எங்களுடையது. அறிவிப்பில் திருத்தத்தின் வாசகம் இல்லை, சிறப்புத் தீர்மானம் என்ற சொல்லே இல்லை, எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையும் இல்லை. கைதட்டலை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?

அதன்பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததை நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் மாற்ற நினைப்பது எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லா விதியும் ஒரே எடையல்ல. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதற்குக் கீழே சங்கத்தின் பெயரும் நோக்கமும் எழுதியிருக்கும் மெமோரண்டம். அதற்கும் கீழே பைலா என்று நாம் சொல்லும் துணைவிதிகள். கடைசியாக, கோர்ட்டில் எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, விருந்தாளியைக் கூட்டி வரலாமா என்பது போன்ற நடைமுறை விதிகள்.

கடைசிப் படியில் இருப்பதை மாற்ற இவ்வளவு கூத்து வேண்டாம். பைலா அந்த அதிகாரத்தைச் செயற்குழுவுக்குக் கொடுத்திருந்தால் அவர்களே சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றிக்கொள்ளலாம். விளக்கணைக்கும் நேரத்துக்குப் பொதுக்குழுவைக் கூட்டிய ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். அது வேறு கதை.

மேலே இருப்பதற்கு முரணாகக் கீழே எழுத முடியாது. உதாரணத்துக்கு, செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது 1975 சட்டத்திலேயே இருக்கிறது. "அடிக்கடி தேர்தல் எதற்கு, ஐந்து வருடமாக்குவோம்" என்று 118 பேரும் கையைத் தூக்கினாலும் அது நிற்காது. மறுபடி போட்டியிடலாம், அது வேறு. ஆகவே பைலாவைத் திறக்கும் முன் சட்டத்தை ஒருமுறை புரட்டுங்கள். பதிவானபோது முத்திரை வாங்கிய பைலா பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். பீரோவில் இருக்கும் டைப் அடித்த காகிதத்தை நம்பாதீர்கள். எங்கள் பீரோவில் மூன்று விதமான பிரதிகள் இருந்தன, மூன்றிலும் 14ஆம் விதி வேறு வேறு.

பிறகு வாசகம்

"கோரத்தைக் குறைக்க வேண்டும்" என்பது ஆசை. தீர்மானம் என்பது பைலாவில் அப்படியே ஒட்டக்கூடிய வாசகம். மூன்று கட்டம் போட்ட ஒரு தாளை எடுங்கள். முதல் கட்டத்தில் இப்போதுள்ள விதி, எழுத்துப் பிசகாமல். இரண்டாவதில் திருத்திய பின் அது எப்படி இருக்கும் என்பது. மூன்றாவதில் காரணம், நான்கு வரிக்கு மேல் வேண்டாம். எங்களுடையது கடைசியில் இப்படி வந்தது:

"விதி 14இல் 'மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர், பின்னம் வந்தால் அடுத்த முழு எண்' என்ற சொற்கள் இடம்பெறும்."

அந்தக் கடைசித் துண்டைச் சேர்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். 118இல் மூன்றில் ஒன்று 39.33. 39 பேர் வந்தால் கோரம் உண்டா இல்லையா என்று பின்னால் அடித்துக்கொள்ளாமல் இருக்க, இப்போதே 40 என்று ஆக்கிவிட்டார்.

மாற்றும் விதி வேறு எங்கெல்லாம் எட்டிப் பார்க்கிறது என்றும் தேடுங்கள். விதி 14ஐ மாற்றி, விதி 22இல் "விதி 14இல் கண்ட பாதிப்பேர்" என்று விட்டுவைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பதவிக்காலம், சந்தா போன்றவற்றை மாற்றினால், இப்போது பதவியில் இருப்பவருக்குப் பொருந்துமா, ஏற்கெனவே கட்டியவர் மிச்சம் கட்ட வேண்டுமா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாதிச் சண்டை அந்த ஒரு வரி இல்லாததால் வருவது.

ஒரு தீர்மானத்தில் ஒரு விஷயம். சந்தா உயர்வையும் கோரத்தையும் ஒரே தீர்மானத்தில் கட்டினால், சந்தாவுக்கு எதிரானவர் கோரத்தையும் சேர்த்துத் தோற்கடிப்பார்.

அறிவிப்பு: இங்கேதான் எல்லாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விதித் திருத்தம் கூட்டத்தில் ஜெயிப்பது போலத் தெரியும். உண்மையில் அது ஜெயிப்பதும் தோற்பதும் அறிவிப்பில்தான்.

1975 சட்டப்படி பைலா திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாமல் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு, கூட்டத்துக்கு வந்த, வாக்குரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் ஆதரிக்க வேண்டும். உங்கள் பைலா இதைவிடக் கடுமையாக ஏதாவது கேட்டிருந்தால் அதையும் நிறைவேற்றுங்கள்.

21 நாள் என்றால் அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு எண்ணுங்கள், தபால் போகும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகஸ்ட் 30 என்றால் 4ஆம் தேதிக்குள் கடிதம் வெளியே போயிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவது நினைவூட்டல், அதையே அறிவிப்பாக நம்பாதீர்கள். பைலாவில் அறிவிப்பு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறதோ அப்படி அனுப்புங்கள். உள்ளூர்க்காரருக்கு நேரில் கொடுத்துக் கையெழுத்து, வெளியூர்க்காரருக்குத் தபாலில் அனுப்பி ரசீது. எங்கள் அலுவலக உதவியாளர் சைக்கிளில் புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று மூன்று நாள் சுற்றினார். அந்தக் கையெழுத்து நோட்டுதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. "எனக்கு நோட்டீஸே வரலை" என்றவரின் கையெழுத்து அதில் 37ஆம் வரிசையில் இருந்தது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? வராதவருக்காக. சந்தா 300ஐ 500 ஆக்குவதாக அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "500 தானே, சரி" என்று ஒருவர் பேத்தி பிறந்தநாளுக்குப் போய்விடுகிறார். கூட்டத்தில் யாரோ உற்சாகத்தில் "800 ஆக்குவோம்" என்று திருத்தி நிறைவேற்றினால், அவர் ஏமாற்றப்பட்டவர். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூலின் வழிவந்த மரபில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: கூட்டத்தில் வரும் திருத்தம், பழைய விதிக்கும் அறிவித்த விதிக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கலாம், அதைத் தாண்டக் கூடாது. சந்தாவை 400 ஆக்கலாம், 800 ஆக்கக் கூடாது, 250 ஆகக் குறைக்கவும் கூடாது. எங்கள் கோரத்தில் இது அப்படியே வந்தது. பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு என்று அறிவித்திருந்தோம். ஒருவர் "ஐந்தில் இரண்டு" என்றார், எடுத்துக்கொண்டோம், விவாதித்தோம், அது தோற்றது. இன்னொருவர் "நாலில் ஒண்ணு போதுமே சார்" என்றார். அதை எடுக்கவே முடியாது என்று சொல்லவேண்டியிருந்தது. அவருக்குக் கோபம்தான். வேண்டுமானால் அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்றோம்.

அந்த ராபர்ட்டுக்கு இந்த வேலையில் ஆர்வம் வந்த கதையும் சுவையானது. 1863இல் நியூ பெட்ஃபோர்டு ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் திடீரெனத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவதென்று தெரியாமல் கூட்டம் கலைந்து குழம்பிப் போய் வெட்கப்பட்டு வந்தவர்தான் பிறகு படித்து எழுதினார். வடை, காபி, கைதட்டலோடு நான் வெட்கப்பட்டதை நினைத்தபோது அவர் மீது எனக்குத் தனிப் பாசம்.

தேதியைக் குறிக்கும்போது ஊரைப் பாருங்கள். கடலூரில் நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். 'தானே' புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30இல், வெள்ளம் ஊரை மூழ்கடித்தது 2015 நவம்பர், டிசம்பரில். அடைமழையில் 59 பேரை எங்கிருந்து பிடிப்பது? மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டார சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், ஊரே அங்கேதான் இருக்கும். வைகாசியில் பாடலீஸ்வரர் தேர். இவற்றை விட்டுவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் ஒரு நீண்ட வார விடுமுறையில் ஞாயிறு காலை பத்து மணி வையுங்கள். எங்களுக்கு அதுதான் 63 பேரைத் தந்தது.

உறுப்பினர் பட்டியல்

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே வாக்குரிமைப் பட்டியலைச் சரிபார்த்து ஒட்டிவிடுங்கள். இறந்துபோனவர் பெயர், விலகியவர் பெயர் எல்லாம் கணக்கில் நின்றால் கோரம் சும்மா உயரும். சந்தா பாக்கி உள்ளவருக்கு வாக்கு உண்டா இல்லையா என்பதை உங்கள் பைலா சொல்லும். ஆனால் வேண்டாதவரைக் கடைசி வாரத்தில் பாக்கிக் காரணம் காட்டி வெட்டாதீர்கள். நீக்க வேண்டுமென்றால் அதற்கென்று பைலாவில் இருக்கும் முறைப்படி, முன்கூட்டியே. இல்லாவிட்டால் தீர்மானம் ஜெயித்தாலும் வழக்கில் போய் முடியும்.

செயற்குழுவுக்கே இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை என்றால்? பைலாவில் இத்தனை உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டால் கூட்டம் கூட்டியாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். அத்தனை கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்துகள் திருத்த வாசகம் இருக்கும் அதே தாளில் இருக்கட்டும். தனித் தாளில் வாங்கினால், "நான் கையெழுத்துப் போட்டது வேற விஷயத்துக்கு" என்று ஒருவராவது சொல்வார்.

கூட்ட நாள்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, கோரம் சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் அரை மணி கழித்துக் கூடினால் வந்தவர்களே கோரம்" என்று பல பைலாக்களில் ஒரு வரி உண்டு. அதை வைத்துக்கொண்டு விதித் திருத்தத்தை நிறைவேற்ற ஆசை வரும். அந்த வரி சிறப்புத் தீர்மானத்துக்கும் பொருந்துமென்று தெளிவாக எழுதியிருந்தாலொழிய அந்த வழியில் போகாதீர்கள். வராதவருக்காக என்று சொன்னேனே, அதே நியாயம்தான்.

தலைவரே திருத்தத்தை முன்மொழிபவர் என்றால், அந்த நேரத்துக்கு நாற்காலியைத் துணைத்தலைவருக்குக் கொடுத்துவிட்டு இறங்கட்டும். எங்கள் தலைவருக்கு முதலில் முகம் சுண்டியது. "ஏன்ப்பா, நான் நியாயமா நடத்த மாட்டேனா?" என்றார். "நீங்க நடத்துவீங்க சார். ஆனா தோத்தவங்க நம்பணுமே" என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் திருத்தத்துக்குக் கிடைத்த பெரிய பலம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், வாசகத்தை முழுக்கப் படிப்பார்கள். அதன்பிறகே பேச்சு. ஆளுக்கு மூன்று நிமிடம், எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாருக்கும் இரண்டாம் முறை இல்லை. ஆதரவாக ஒருவர், எதிராக ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் சூடு தணியும். பேச்சு எல்லோரும் தலைவரை நோக்கித்தான், எதிர் வரிசையில் இருப்பவரை நோக்கி அல்ல. யாராவது "ஒழுங்குப் பிரச்சினை" என்று எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும், தலைவர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடைமுறை மீறல் இருந்தால்தான் அது ஒழுங்குப் பிரச்சினை. "இவர் சொல்றது பொய்" என்பது அதில் சேராது. இது தெரியாமல் சட்டமன்ற நேரலை பார்த்துப் பழகிய நம்மாட்கள் எதற்கெடுத்தாலும் அதையே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லுங்கள்.

திருத்தத்துக்குத் திருத்தம் வந்தால் முதலில் அந்தச் சின்னத் திருத்தத்துக்கு வாக்கு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பிறகு, திருத்தியபடியோ திருத்தாதபடியோ, முழுத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று.

"இன்னிக்கு மட்டும் அந்த விதியை ஒதுக்கி வெச்சிடலாமே" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். மன்ற அமைப்பைச் சொல்லும் பைலா விதியை ஒரு மாலைக்கு மட்டும் தூக்கி வைக்க முடியாது. மாற்றலாம், மாற்றும் வரை அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

எண்ணுவது. கைதட்டலும் வேண்டாம், "ஆமா" என்ற கூச்சலும் வேண்டாம். இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை எண்ணிக்கையாளராக நிறுத்தி, கை தூக்கவோ எழுந்து நிற்கவோ சொல்லுங்கள். மனஸ்தாபம் வரும் விஷயமென்றால் சீட்டு. வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பவரையும் மொத்தத்தில் சேர்த்துக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. 63 பேரில் நான்கில் மூன்று 47.25, அதனால் எங்களுக்கு 48 தேவைப்பட்டது. விழுந்தது ஆதரவு 51, எதிர்ப்பு 9, நடுநிலை 3. நடுநிலையை விட்டுவிட்டு 60இல் 45 போதும் என்று கணக்குப் போட்டிருந்தாலும் ஜெயித்திருப்போம். ஆனால் கடினமான கணக்கில் தேறினால் யாரும் கிளறமாட்டார்கள்.

மூன்று எண்ணையும் அங்கேயே உரக்கப் படித்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுத்திலும் எண்ணிலும் எழுதி, கூட்டத் தலைவரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். எதிர்த்து வாக்களித்த ஒன்பது பேரில் இருவரிடம் மினிட்ஸைக் காட்டினேன். ஒருவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

பதிவு

தீர்மானம் நிறைவேறியதும் விதி மாறிவிட்டதாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் வரை பழைய விதியே நடப்பு. அறிவிப்பின் நகல், அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று, வருகைப் பட்டியல், தீர்மானத்தின் சான்றிட்ட நகல், பழையதும் புதியதுமான வாசகம், திருத்திய முழுப் பைலா எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிக்கொண்டு அடுத்த வாரமே போங்கள். தாக்கல் செய்யக் காலக்கெடு உண்டு, ஆறப் போடாதீர்கள். கட்டணமும் படிவமும் மாறிக்கொண்டிருப்பதால் பதிவுத்துறை இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். செயற்குழு ஆட்கள் மாறியதை நீங்கள் முன்பே தெரிவிக்காமல் இருந்தால் அதுவும் அங்கே கிளம்பும். பழைய பாக்கியை முடித்துவிட்டுப் போவது நல்லது.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் புதுச்சேரி, ஆனால் அங்கே சட்டம் வேறு, 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். சங்கத்தின் நோக்கத்தையே மாற்றவோ வேறொரு சங்கத்தோடு இணையவோ அதன் 12ஆம் பிரிவு சொல்லும் வழி நீளமானது. திட்டத்தை எழுத்தறிக்கையாக எல்லா உறுப்பினருக்கும் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அனுப்ப வேண்டும், சிறப்புக் கூட்டத்தில் உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து இரண்டாவது சிறப்புக் கூட்டம் கூட்டி, அங்கே வந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் அதை உறுதிசெய்ய வேண்டும். மற்ற விதிகளுக்கு உங்கள் துணைவிதியில் திருத்தம் பற்றி எழுதியிருக்கும் பகுதியை முதலில் பாருங்கள். கடலூர் நண்பர் சொன்னார் என்று எங்கள் 21 நாள் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். எங்கள் மன்றத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஆடவரும் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

பதிவாகி வந்ததும் பீரோவில் இருக்கும் அத்தனை பழைய பிரதியிலும் சிவப்பு மையால் "நடப்பில் இல்லை" என்று எழுதி, பதிவான நாளைக் குறித்து, ஒன்றை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். புதிய விதியின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். எங்கள் பலகையில் ஒட்டிய மறுநாளே யாரோ பேனாவால் ஓரத்தில் "40ஆ, 39ஆ?" என்று கேள்வி எழுதியிருந்தார். கணக்கு வாத்தியார் அதற்குக் கீழேயே பதில் எழுதிவிட்டுப் போயிருந்தார்.